இருபது ஊதாக் குறிகள்

பிப்ரவரி 5, வியாழன்

பகவதிக்கு இடம் கிடைத்துவிட்டது. வரும் திங்கள்கிழமை அவள் முதுகில் ஒட்டுப் பரிசோதனை தொடங்குகிறது. சொன்னவர் மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவு டாக்டர் மெஹருன்னிசா. இன்று முற்பகல், அவருடைய அறையில், எங்கள் இருவரிடமும் நேரில் சொன்னார்.

நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. அன்றாடம் உடம்பில் படுகிற பொருள்களில் எது எத்தனை பேருடைய தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று மாவட்டவாரியாகப் பார்க்கிறார்கள். கவரிங் நகையின் நிக்கல், சிமென்டின் குரோமியம், தலைச்சாயம், ஸ்டிக்கர் பொட்டின் பசை, வாசனைப் பொருள்கள், ரப்பரில் கலக்கும் ரசாயனங்கள், பார்த்தீனியச் செடி என்று மொத்தம் இருபது. மதுரைக்கு வந்த ஒட்டுகளில் இதுதான் கடைசிப் பெட்டி. வெயில் ஏறினால் வியர்வையில் ஒட்டு நிற்காது. இந்த மாதத்தோடு நிறுத்திவிட்டு, மழைக்குப் பிறகு நவம்பரில் அடுத்த சுற்று.

பகவதி ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். முப்பத்தோரு வருடமாக அதே தியேட்டர். இரண்டு வருடமாக அவள் கைவிரல்கள் வெடித்து நீர் கசிகின்றன. புண் உள்ள கையோடு தியேட்டருக்குள் விடமாட்டார்கள். பாத்திரம் தேய்க்கிற சோப்பு என்றார்கள், வயது என்றார்கள். கையுறைதான் காரணம் என்று அவள் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நர்சிங் கண்காணிப்பாளர் போன மாதம் முடிவாகச் சொல்லிவிட்டார்: பிப்ரவரி 28க்குள் மருத்துவச் சான்று வேண்டும். கையுறையின் ரப்பர் ரசாயனம்தான் என்று உறுதியானால் அந்த ரசாயனம் இல்லாத கையுறை வாங்கித் தருவார்கள், அவள் தியேட்டரிலேயே இருக்கலாம். இல்லையென்றால் பணி விலக வேண்டும். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு அந்த தியேட்டர்தான்.

ஒட்டு இருக்கும் நாள்களில் நடப்பதையெல்லாம் வீட்டில் ஒருவர் குறித்து வைக்க வேண்டுமாம். “சார் ரிப்போர்ட்டரா இருந்தவர்தானே, நீங்களே எழுதிருங்க” என்றார் டாக்டர். “கதை எழுதிராதீங்க. நடந்தத மட்டும்.”

“அவருக்குக் கதை வராது மேடம்” என்றாள் பகவதி.

பிப்ரவரி 7, சனி

தொட்டி கழுவினேன். கேஸ் வந்தது.

மாலையில் வழக்கம்போல களக்காட்டுக்கு அழைத்தாள். அவள் அப்பா வெள்ளைக்கண்ணு மாமாவுக்கு எண்பத்துநான்கு வயது. மகன் பேச்சிமுத்துவோடு இருக்கிறார். போன வாரம் வரை வாழைத்தோட்டத்துக்கு நடந்து போய் வந்தவர், இப்போது சளி என்று படுத்திருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏட்டி, முதுகுல என்னமோ ஒட்டப் போறாவளாம்லா? பேச்சி சொன்னான்.”

“ஆமாப்பா. இருவது மருந்து. எது சேரலன்னு பாக்கதுக்கு.”

“வாழக்குக் குருத்துல மருந்து வப்போம். மனுசிக்கு முதுகுலயா? மாப்ள எங்க?”

“இருக்கேன் மாமா.”

“பேப்பர்காரரே, இன்னைக்கு என்ன பொய் போட்டிருக்கிய?”

“நான் பேப்பரை விட்டு மூணு வருஷம் ஆச்சு மாமா.”

“நீங்க விட்டாலும் அது உங்கள விடாதுல்லா.” சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரம் ஆனது. பகவதி ஃபோனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸ் கேட்கிற மாதிரி. “நெஞ்சுல கட்டியிருக்கு” என்றாள் பிறகு, என்னிடம். பரிசோதனை முடிந்ததும் வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று பேசிக்கொண்டோம்.

பிப்ரவரி 9, திங்கள்

ஒட்டு போட்டாயிற்று. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

சட்டைப் பொத்தான் அளவுக் கிண்ணங்கள். அலுமினியம். ஒவ்வொன்றிலும் துளி மருந்து. கிண்ணங்கள் வரிசையாக இருக்கும் பட்டைகளை முதுகின் மேல்பாதியில் ஒட்டி, ஒவ்வொரு கிண்ணத்துக்கும் பக்கத்தில் ஊதா மையால் குறியும் எண்ணும் போட்டார் டாக்டர். இருபது குறிகள். பதினான்கும் பதினைந்தும் ரப்பர் ரசாயனங்கள்.

“புதன்கிழமை எடுத்துட்டு ஒரு தடவை பார்ப்பேன். வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை. ரெண்டாவதுதான் முக்கியம். வெறும் எரிச்சலா இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள அடங்கிரும். நிஜமான ஒவ்வாமைன்னா அன்னிக்குத்தான் நல்லா ஏறி நிக்கும். அதுவரைக்கும் முதுகுல தண்ணி படக் கூடாது. பட்டா மை கரைஞ்சிரும், எது எந்த இடம்னு எனக்கே தெரியாது. குனிஞ்சு நிமிந்து வேலை வேண்டாம். ஒட்டு எடுக்கற வரைக்கும் பஸ் பயணமும் வேண்டாம், வேர்க்கும்.”

“குளிக்கவே கூடாதா மேடம்?”

“இடுப்புக்குக் கீழ ஊத்திக்கங்க. நீங்களே நர்ஸ், உங்களுக்குச் சொல்லணுமா?”

“நர்ஸ்ங்கறதாலதான் கேக்கறேன். ரெண்டு வேளை குளிச்சுப் பழகின உடம்பு.”

வீட்டுக்கு வந்ததும் பழைய தொளதொளத்த ரவிக்கை ஒன்றைப் போட்டுக்கொண்டாள். நாற்காலியில் சாயாமல் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். சமையல் நான். ரசத்தில் உப்பு கூடிவிட்டது. “மேசையில படுத்திருக்கற பேஷன்ட் மாதிரி இருக்கு. பின்னால என்ன செய்யறாங்கன்னு தெரிய மாட்டேங்குது” என்றாள். ஒட்டு சரியாக இருக்கிறதா என்று மணிக்கொரு தரம் என்னைப் பார்க்கச் சொன்னாள். இருந்தது.

மாலை அழைத்தபோது மாமா தூங்குவதாகப் பேச்சிமுத்து சொன்னான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஒட்டு நன்றாக இருக்கிறது. இடது மேல் பட்டையின் ஒரு ஓரம் மட்டும் சற்றே எழும்பியிருந்தது. டாக்டர் கொடுத்த பட்டையில் ஒரு துண்டு வெட்டி மேலே ஒட்டினேன். அரிப்பு: பதினான்காம் எண் பக்கம் நேற்றிலிருந்தே இருப்பதாகச் சொல்கிறாள். சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம். “அரிச்சா நல்லதுங்க” என்றாள். வியர்வை இல்லை. மின்விசிறி முழு வேகத்தில்.

காலை இட்லி, மிளகாய்ப் பொடி. மதியம் கத்திரிக்காய் சாம்பார். மோட்டாரில் காற்றுப் பிடித்திருந்தது. திறந்து தண்ணீர் ஊற்றிச் சரி செய்தேன். ரேஷன் கடையில் பருப்பு இன்னும் வரவில்லை.

பதினொரு மணிவாக்கில் பேச்சிமுத்து என் எண்ணுக்கு அழைத்தான். பகவதியின் ஃபோன் சத்தமில்லாமல் இருந்தது, தியேட்டர் பழக்கம்.

“அத்தான், அப்பாவுக்கு மூச்சு இழுக்கு. டாக்டர் வந்து பாத்துட்டு, இனிமே ஒண்ணும் செய்யதுக்கு இல்லன்னுட்டாரு. அக்காவக் கூட்டிக்கிட்டு இப்பமே கெளம்புங்க.”

எந்த டாக்டர் என்று கேட்டேன். களக்காட்டு டாக்டர் என்றான். எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொன்னார் என்று கேட்டேன். அதையெல்லாம் எப்படி அத்தான் சொல்லுவாரு என்றான். நாளைக் காலை ஒட்டு எடுக்கிறார்கள், எடுத்ததும் நேரே பஸ் ஏறிவிடுகிறோம் என்றேன்.

“அக்கா பேரச் சொல்லிச் சொல்லிக் கேக்காவ அத்தான்.”

நாளை மதியத்துக்குள் என்றேன்.

இதில் உறுதியான தகவல் என்று எதுவும் இல்லை. சளி நெஞ்சில் கட்டியவர்களுக்கு மூச்சு இழுப்பதும் பிறகு சரியாவதும் உண்டு. இரண்டு வருடம் முன்பு ஐப்பசியில் இதேபோல ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பெட்டி விட்டால் நவம்பர். அவளுக்கு நவம்பர் இல்லை, 28தான்.

பகவதியிடம், பேச்சி அழைத்தான், மாமாவுக்குச் சளி கொஞ்சம் கூடியிருக்கிறதாம், வெள்ளி வரை காத்திருக்காமல் நாளையே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். அதில் தவறான தகவல் இல்லை.

“நான் பேசட்டுமா?”

“ஊசி போட்டு இப்பத்தான் தூங்கறாராம். எழுப்ப வேணாம்.”

“யாரு ஊசி போட்டா? என்ன ஊசி?”

“அது கேக்கல.”

“நீங்க போய் கேக்காம விடுவீங்களா” என்று சிரித்தாள்.

அவள் ஃபோனை முன்னறையில் சார்ஜில் போட்டேன். பிற்பகலில் பேச்சிமுத்து மறுபடி அழைத்தான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. நாளை நேரிலேயே பார்க்கப் போகிறோம் என்று மாலையில் பகவதி அழைக்கவில்லை. இரவுச் சாப்பாடு கோதுமை தோசை.

பிப்ரவரி 11, புதன். பஸ்ஸில்.

முதல் வாசிப்பு முடிந்தது. பதினான்காம் எண்ணில் சிவப்பும் லேசான தடிப்பும். பதினைந்தில் மங்கலான சிவப்பு. மற்ற பதினெட்டும் வெறும் தோல். சொன்னவர் டாக்டர் மெஹருன்னிசா.

பட்டைகளை எடுத்ததும் உடனே பார்க்க மாட்டார்கள். ஒட்டின் அழுத்தம் அடங்க அரைமணி வெளியே உட்கார வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்தோம். பகவதி புடவைத் தலைப்பால் முதுகை மூடியிருந்தாள். நன்றாகப் பேசினாள்.

“பஸ் ஸ்டாண்டுல கருப்பட்டி மிட்டாய் விக்கறானே, அது வாங்கிக்குவோம். அப்பாவுக்குப் பல்லு இல்லாட்டியும் வாயில போட்டு ஊற வச்சுக்கிட்டே இருப்பாங்க.”

“வாங்கலாம்.”

“சுக்குப் போட்டதா பாத்து வாங்கணும். நெஞ்சுக்கு நல்லது.”

“சரி.”

“என்ன, ஒரு மாதிரி இருக்கீங்க? எனக்கு வந்திரும்ங்க. பதினாலு அப்பிடி அரிக்குது. பேப்பர கொண்டுபோய் அந்தம்மா மேசையில வச்சு, இந்தா பாருங்க, சோப்பு இல்ல, உங்க கையுறதான்னு சொல்லப் போறேன்.”

பிறகு உள்ளே அழைத்தார்கள். டாக்டர் விரல் நுனியால் ஒவ்வொரு குறியாகத் தடவிப் பார்த்தார். “பதினாலு நல்லா இருக்கு. ஆனா இப்போதைக்கு ‘சந்தேகம்’னுதான் போடுவேன். வெள்ளிக்கிழமை இது இன்னும் ஏறியிருந்தா, கண்ண மூடிட்டுச் சான்று எழுதிருவேன். மையை மட்டும் காப்பாத்துங்க.” மங்கிய குறிகளின் மேல் மறுபடி ஊதா மை வைத்தார்.

அடுத்த செய்தி. வெள்ளைக்கண்ணு மாமா காலமானார். சொன்னவர் பேச்சிமுத்து, ஃபோனில், இன்று காலை பால் வந்த நேரம். பகவதியின் ஃபோன் அப்போதும் முன்னறையில் சார்ஜில்தான் இருந்தது.

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் பகவதியிடம் சொன்னேன். அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்ப?”

“விடியக்காலம்.”

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

திருநெல்வேலி வண்டி. ஜன்னல் ஓரம் அவள். சீட்டில் சாயாமல் முன்கம்பியைப் பிடித்தபடி வருகிறாள். முதுகைக் காக்கிறாள் என்று நினைக்கிறேன். சாத்தூர் தாண்டிவிட்டது.

பிப்ரவரி 12, வியாழன். களக்காடு.

நேற்று நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

நாங்கள் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. மகளுக்காகத்தான் எடுக்காமல் வைத்திருந்தார்கள். தெருவில் பந்தல், பெஞ்சுகள், மேளக்காரர்கள். பகவதியைக் கண்டதும் பெண்கள் எழுந்து கட்டிக்கொண்டார்கள். கட்டிக்கொள்கிறவர்களின் கைகள் எல்லாம் அவள் முதுகில். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். தாடையைக் கட்டியிருந்தார்கள். நர்ஸாகத் தொடுவதுபோல முதலில் கழுத்தைத் தொட்டாள், பிறகு நெற்றியை. அதன் பிறகுதான் அழுதாள்.

பேச்சிமுத்து என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அக்காவிடம் சொன்னான்:

“நேத்து பதினோரு மணிக்கே அடிச்சேனேக்கா. இப்பமே கெளம்புங்கன்னு அத்தான்கிட்ட சொன்னேம்லா. பெறவும் அடிச்சேன், எடுக்கல. ஒன் நம்பருக்கும் அடிச்சேன். ‘பகவதி வந்துட்டாளா, பஸ்ஸு வந்துட்டா’ன்னு வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்தாவ. விடியதுக்கு முந்தி, ‘ஏளா, வந்துட்டியா’ன்னு என் பொண்டாட்டி கையப் புடிச்சாவ. அவளும் ‘ஆமாப்பா, வந்துட்டேன்’னு சொல்லிட்டா. என்ன செய்யச் சொல்லுத?”

பகவதி திரும்பி என்னைப் பார்த்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. பேச்சிமுத்து சொன்னது முழுவதும் சரியான தகவல்.

இந்தப் பக்கத்து வழக்கம் நீர்மாலை. இறந்தவரின் பிள்ளைகள் தலையோடு குளித்து, ஈரத்துணியோடு குடத்தில் நீர் கொண்டுவந்து, அந்த நீரால்தான் உடலைக் குளிப்பாட்டுவார்கள். மாமாவின் தங்கை மாடத்தி அத்தை எல்லாரையும் கிளப்பினார்.

“ஏளா பகவதி, எந்திரி. பொழுது சாயுது. ஒங்கப்பன ஒன் கையால குளுப்பாட்டி அனுப்பு.”

வாய்க்கால் தெருமுனையில்தான். மேலே வேட்டி விரித்துப் பிடித்தபடி போனார்கள். நானும் போனேன். படித்துறையில் வைத்து அத்தையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: அவளுக்கு முதுகில் ஒரு பரிசோதனை நடக்கிறது, வெள்ளிக்கிழமை வரை தண்ணீர் படக் கூடாது, தலையில் மட்டும் தெளித்துக்கொண்டால் போதாதா.

அத்தைக்குத் தணிந்து பேச வராது.

“என்ன மாப்ள பேசுதிய? சாவு தண்ணிக்கு மேல்வலி கால்வலி உண்டுமா? தெளிச்சுக்கிட்டுப் போறதுக்கு அவ என்ன ஊராமுட்டுப் பொம்பளயா? பெத்த மவ!”

எல்லாரும் திரும்பினார்கள். பேச்சிமுத்து இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான்.

“பகவதி” என்றேன். “இன்னும் ரெண்டே நாள். யோசிச்சுச் செய்.”

அவள் கரையில் இருந்த குடத்தை எடுத்து, தண்ணீர் முகந்து, தலைவழியாக ஊற்றிக்கொண்டாள். மறுபடி முகந்தாள். மூன்றாவது குடத்தை முதுகுக்குப் பின்னால் சரித்து ஊற்றினாள். வெள்ளை ரவிக்கையில் ஊதா கசிந்து, இடுப்பு வரை கோடுகளாக இறங்கியது. பக்கத்தில் இருந்த சிறுமி “அத்த, சாயம் போவுது” என்றாள். யாரோ அவள் வாயைப் பொத்தினார்கள்.

ஈரத்துணியோடு குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பகவதி முன்னால் நடந்தாள். இருட்டுவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

இன்று காலை சுடுகாட்டில் சாம்பல் அள்ளி வாய்க்காலில் கரைத்தோம். நான் மொட்டை போடவில்லை. மகன்தான் போட வேண்டும். மழை இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி. களக்காடு.

இரண்டாம் வாசிப்பு நடக்கவில்லை.

விடிந்ததும் பகவதியிடம் கேட்டேன். முதல் பஸ்ஸில் கிளம்பினால் நண்பகலில் டாக்டரைப் பார்க்கலாம், மை போனாலும் தடிப்பு இருக்கிற இடத்தை வைத்து அவர் ஏதாவது சொல்லக்கூடும், மாலைக்குள் திரும்பிவிடலாம். அவள் முற்றத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை வெடிப்புகளில் சாம்பல்.

“நீங்க போயிட்டு வாங்க” என்றாள்.

“நான் போய் என்ன பண்ண? முதுகு உன்னோடது.”

“ஆமா” என்றாள்.

ஒரு படமாவது எடுத்து அனுப்பலாம், திரும்பு என்றேன். தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் முதுகை எனக்குக் காட்டவில்லை.

டாக்டரை அழைத்து, செவ்வாய்க்கிழமை வந்த அழைப்பிலிருந்து எல்லாம் சொன்னேன். “இன்னாலில்லாஹி” என்றார் முதலில். பிறகு, “படம் அனுப்பியும் பிரயோஜனம் இல்ல சார். தொட்டுப் பாத்தாத்தான் தடிப்பு தெரியும். நான் ‘முடிவு பெறவில்லை’ன்னு போட்டுர்றேன். நவம்பர்ல மறுபடி வைக்கலாம், முதல் பேரா. நீங்க செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தா ஒட்ட எடுத்துட்டு, நேத்து வரைக்கும் வேற மாவட்டத்துல மிச்சம் இருந்த பெட்டியக் கேட்டு வாங்கி, மார்ச் முதல் வாரம் எப்பிடியாவது ஒரு இடம் பண்ணியிருப்பேனே சார். ஒரு கடுதாசியும் எழுதிக் குடுத்திருப்பேன், அவகாசம் கேட்டு. யாருக்கும் சாவு வராதா என்ன?” என்றார்.

அப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 14, சனி

இன்று மதுரை திரும்பினேன். இருந்துவிட்டுப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, புதன்

பகவதி பணி விலகுவது உறுதியாகிவிட்டது. சொன்னவர் அவளுடைய ஆஸ்பத்திரியின் நர்சிங் கண்காணிப்பாளர்.

அவகாசம் கேட்கத்தான் போனேன். முதல் வாசிப்பின் நகலைக் கொடுத்தேன். படித்துவிட்டு, “சந்தேகம்னுதானே போட்டிருக்கு?” என்றார்.

“இரண்டாவது நடக்கல மேடம். அவங்க அப்பா தவறிட்டாரு.”

“தெரியும் சார். பகவதி திங்கக்கிழமையே ஃபோன் பண்ணிட்டாங்களே. இருபத்தெட்டோட நின்னுக்கறேன், பேப்பரெல்லாம் தபால்ல அனுப்பிருங்கன்னு சொல்லிட்டாங்க. நானே கேட்டேன், நவம்பர் வரைக்கும் சம்பளமில்லா லீவு போடறீங்களா, கமிட்டில பேசிப் பாக்கறேன்னு. வேணாம்னுட்டாங்க.” என் முகத்தைப் பார்த்தார். “நீங்க பத்திரிகைக்காரர். வீட்டு சேதி உங்களுக்குத் தெரியாதா?”

தியேட்டர் பக்கம் போய் அவளுடைய லாக்கரைத் திறந்து தருமாறு கேட்டேன். அதையும் இளைய நர்ஸ் ஒருத்தியிடம் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டாளாம். ஒரு துணிப்பை. உள்ளே இரண்டு ஜோடி செருப்பு, கைக்குப் போடும் களிம்பு, தலைவலித் தைலம்.

மாவு அரைத்து வாங்கினேன். ஒருவனுக்கு அது அதிகம்.

பிப்ரவரி 21, சனி

மூன்று நாளாக அழைக்கும்போதெல்லாம் பேச்சிமுத்துதான் எடுத்தான். “அக்கா குளிக்கா அத்தான்.” “அக்கா தோட்டத்துக்குப் போயிருக்கா.” இன்று அவளே எடுத்தாள்.

சாப்பாடு பற்றிக் கேட்டேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“கையுற போடலல்லா. பரவால்ல.” அவள் பேச்சு முழுக்க ஊர்ப்பேச்சாகிவிட்டது.

“வேலைய விட்டுட்டியாமே.”

“ஆமா.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

அந்தப் பக்கம் ஆட்டுச் சத்தம் கேட்டது. வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன்.

“ஒண்ணு கேக்கேன்” என்றாள். “செவ்வாக்கெழம நான் பேசட்டுமான்னு கேட்டேம்லா. ஊசி போட்டு அப்பா தூங்குதாவன்னு சொன்னீங்கள்லா. அத யாரு சொன்னா உங்களுக்கு?”

ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

“பேச்சி சொல்லல. அவன்கிட்ட கேட்டுட்டேன். ஊசியே போடலயாம்.”

“பகவதி, உனக்காகத்தான். அந்த தியேட்டரு…”

“தியேட்டரு எனக்கு வேணும்தான். எங்கிட்ட சொல்லியிருந்தா, நானே ‘இருப்போம், நாளைக்குப் போவோம்’னுகூட சொல்லியிருப்பேனா இருக்கும். தெரியல. அதத்தான் ராவும் பகலும் யோசிச்சிக்கிட்டு இருக்கேன். நான் என்ன சொல்லியிருப்பேன்னு இனிமே எனக்குத் தெரியவே தெரியாதுல்லா?”

ஃபோனை வைத்துவிட்டாள்.

அந்த ஊசித் தகவலைச் சொன்னவர் எவரும் இல்லை.

பிப்ரவரி 23, திங்கள்

துவைத்தேன். மின்கட்டணம் கட்டினேன். அவளுடைய துணிப்பை முன்னறை மேசையில் இருக்கிறது.

பிப்ரவரி 25, புதன்

பகவதியின் பெயர் நவம்பர் சுற்றுக்குப் பதிவாகியிருக்கிறது. சொன்னவர் டாக்டர் மெஹருன்னிசா, இன்று மாலை, ஃபோனில். நேற்று பகவதியே அவரை அழைத்துப் பேசியிருக்கிறாள்.

“வேலைதான் போயிருச்சே, பரவாயில்லையான்னு கேட்டேன் சார். ‘வேலைக்காக இல்ல மேடம், எது சேரலன்னு எனக்குத் தெரிஞ்சுக்கணும்’னாங்க. எனக்குக் கஷ்டமாப் போச்சு.”

நல்லது என்றேன்.

“இன்னொண்ணு கேக்கத்தான் கூப்பிட்டேன். இந்தக் கணக்கெடுப்புல ஆள் எந்த மாவட்டத்துல குடியிருக்காங்களோ அந்த மாவட்டத்துலதான் சேப்போம். முதல்ல மதுரைன்னு இருந்துச்சு. இப்ப அவங்க களக்காட்டு முகவரி குடுத்திருக்காங்க. துக்கத்துக்குப் போயிருக்கறதால குடுத்தாங்களா, இல்ல இனி அங்கதானா? நான் அவங்ககிட்டயே கேட்டேன். ‘பதினாறு முடியட்டும், பெறவு சொல்லுதேன்’னுட்டாங்க. உங்களுக்குத் தெரியுமா சார்? மதுரையா, திருநெல்வேலியா?”

எனக்கு உறுதியாகத் தெரியாது என்றேன்.

“சனிக்கிழமை சாயங்காலம் பட்டியல டெல்லிக்கு அனுப்பணும். அதுக்குள்ள சொன்னாப் போதும்.”

காலை முதல் பஸ்ஸில் போகிறேன். மாமாவுக்குப் பதினாறாம் நாள் நாளை.